திறனும் ஆற்றலும்: சிறிய மின்கலனைக் கொண்டு வீட்டுக்குச் சூரிய மின்சாரம்

‘கரண்டு போய்விட்டது’ என்கிறோம். அங்கே கரண்டு என்பது மின்வழங்கல். ‘கரண்டு பில் ஏறிவிட்டது’ என்கிறோம். அங்கே அது ஒரு மாதத்தில் நாம் செலவிட்ட ஆற்றல். ‘கரண்டு அடித்துவிட்டது’ என்னும்போது உடலில் பாய்ந்த மின்னோட்டம். விளக்கு மங்கலாக எரியும்போது ‘கரண்டு கம்மியாக வருகிறது’ என்கிறோம், குறைந்தது மின்னழுத்தம். ‘இந்தக் குளிரூட்டி நிறையக் கரண்டு இழுக்கும்’ என்னும்போது நாம் கருதுவது திறன். ஒரு சொல், ஐந்து பொருள்.

இதனால் அன்றாடப் பேச்சுக்கு இடர் ஏதுமில்லை. இடமும் சூழலும் பொருளைத் தெளிவாக்கிவிடுகின்றன. எந்த மொழியிலும் மக்கள் வழக்கு இவ்வாறுதான் இயங்கும். ஆனால், தன் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்த விரும்பும் ஒரு குடும்பம் கடைக்குச் செல்லும்போது நிலைமை மாறுகிறது. தகட்டின் மீது ‘450 வாட்’ என்றும், மின்கலனின் மீது ‘100 ஆம்பியர் மணி’ என்றும், மின்மாற்றும் கருவியான இன்வெர்ட்டரின் மீது ‘1,500 வாட்’ என்றும் எழுதியிருக்கும். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள். அவற்றை ஒன்றாகக் கருதி வாங்குவோர், தேவைக்கு மிகுந்த பொருளுக்குப் பணம் கொடுப்பர். அல்லது நள்ளிரவில் விசிறி நின்றுபோகும் அமைப்பொன்றைப் பெறுவர். பிள்ளைகள் படிக்கும் விளக்கும் அதனோடு அணையும்.

குறைந்த செலவில் சூரிய மின்சாரம் அமைக்க உயர்கணிதம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும். எவ்வளவு வேகமாக, மொத்தம் எவ்வளவு, எப்போது என்னும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கத் தெரிந்தால், சிறிய மின்கலனே ஒரு வீட்டுக்குப் போதுமானதாகிவிடும். அதனை எண்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகமும் அளவும்

குழாயிலிருந்து நீர் எவ்வளவு விரைவாகக் கொட்டுகிறது என்பது ஒன்று; தொட்டியில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது வேறொன்று. முன்னது திறன், பின்னது ஆற்றல். திறனை வாட்டில் அளக்கிறோம். ஆற்றலை வாட் மணியில் அளக்கிறோம். 1,000 வாட் துணி தேய்ப்பானை அரை மணி நேரம் பயன்படுத்தினால் 500 வாட் மணி செலவாகும். 10 வாட் விளக்கை 50 மணி நேரம் எரித்தாலும் அதே 500 வாட் மணிதான். வேகம் நூறு மடங்கு வேறு, மொத்தம் ஒன்றே. 1,000 வாட் மணி சேர்ந்ததே மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் ஒரு யூனிட்.

மாணவர்கள் அடிக்கடி ‘மணிக்கு 100 வாட்’ என்று எழுதுவதைக் காணலாம். பிழை எங்கே என்பதை இலக்கணத்தாலேயே காட்டலாம். ‘மணிக்கு 60 கிலோமீட்டர்’ என்னும்போது ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு, தூரத்தை நேரத்தால் வகுக்கிறோம் என்பதை உணர்த்துகிறது. ‘வாட் மணி’ என்பதில் அவ்வுருபு இல்லை. அங்கே நடப்பது பெருக்கல். வாட் என்னும் அலகினுள்ளேயே ‘விநாடிக்கு’ என்பது அடங்கியிருக்கிறது. விநாடிக்கு 1 ஜூல் என்பதே 1 வாட். ஏற்கெனவே வேகமாக இருப்பதை மீண்டும் ‘மணிக்கு’ என்று சொன்னால் பொருள் சிதைகிறது.

கலைச்சொல் வேறுபாடும் குழப்பத்துக்கு ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஆற்றல்’, ‘திறன்’ என்றும், இலங்கைப் பாடநூல்களில் ‘சக்தி’, ‘வலு’ என்றும் இவ்விரண்டும் வழங்குகின்றன. மலாய் மொழியில் ‘தெனாகா’ என்பது ஆற்றல். ‘குவாசா’ என்பது திறன். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்கத் தொடங்கும் மாணவர், இடைநிலைப்பள்ளியில் அதனை வேறு மொழியில் தொடர்கிறார். இணையத்தில் மூன்று நாட்டு வழக்கையும் ஒருசேரப் படிக்கிறார். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் கேடில்லை. ஒன்றைத் தேர்ந்து, அதனை மற்றதன் இடத்தில் வைக்காதிருத்தலே வேண்டுவது. இக்கட்டுரையில் ‘ஆற்றல்’, ‘திறன்’ என்பனவே வழங்கும்.

பை நிறையச் சுமந்து திரியும் ‘பவர் பேங்க்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயரில் ‘பவர்’ இருப்பினும் அது சேமிப்பது ஆற்றலையே. அதன் மேல் ‘20,000 மில்லி ஆம்பியர் மணி’ என்று பெரிய எண் இருக்கும். அதாவது 20 ஆம்பியர் மணி. உள்ளிருக்கும் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 74 வாட் மணி. 30 வாட் விசிறி ஒன்றை இரண்டரை மணி நேரம்கூட ஓட்டாது. ஆம்பியர் மணி என்பது அழுத்தத்தோடு பெருக்கப்படும் வரை ஆற்றலாகாது. 12 வோல்ட் மின்கலனில் 100 ஆம்பியர் மணியும், 24 வோல்ட் மின்கலனில் 50 ஆம்பியர் மணியும் ஒரே அளவு ஆற்றலே.

முதலில் ஒரு பட்டியல்

மலேசியாவில், மின்கம்பி எட்டாத ஒரு காய்கறித் தோட்டத்து வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர். சமையல் எரிவாயுவில் நடக்கிறது. ஒரு நாளைக்கு அவ்வீட்டின் தேவை பின்வருமாறு:

8 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 160 வாட் மணி
30 வாட் விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 480 வாட் மணி
கைப்பேசி மூன்று: 45 வாட் மணி
50 வாட் மடிக்கணினி, 3 மணி நேரம்: 150 வாட் மணி
சிறிய குளிர்சாதனப் பெட்டி, நாள் முழுவதும்: 700 வாட் மணி
550 வாட் நீர்மோட்டார், அரை மணி நேரம்: 275 வாட் மணி

மொத்தம் 1,810 வாட் மணி, ஏறத்தாழ 1.8 யூனிட். குளிர்சாதனப் பெட்டியைப் போல் தானே நின்று தானே ஓடும் கருவிகளுக்குப் பெயர்ப்பலகையில் உள்ள வாட்டை 24 மணியால் பெருக்குதல் தவறான விடையைத் தரும். மின்செருகியில் பொருத்தும் சிறிய அளவுமானி ஒன்றை மின்வசதியுள்ள இடத்தில் வைத்து ஒருநாள் அளந்து பார்ப்பதே முறை.

இப்பட்டியலில் தேய்ப்பானும், நீர்ச்சூடேற்றியும், குளிரூட்டியும் இல்லை. மின்சாரத்தால் வெப்பம் உண்டாக்கும் கருவிகள் ஆற்றலை மிக விரைவாக உறிஞ்சுவன. சிறிய அமைப்பொன்றில் அவற்றுக்கு இடமளித்தால் மற்ற அனைத்துக்குமான செலவு பெருகும்.

பகலா, இரவா?

பலர் மேற்கண்ட மொத்தத்தோடு நின்று, அந்த 1,810 வாட் மணிக்கும் மின்கலன் தேடப் புறப்படுவர். மூன்றாம் கேள்வியான ‘எப்போது’ என்பது இவ்விடத்தில்தான் பணத்தை மிச்சப்படுத்துகிறது. வெயிலடிக்கும்போது பயன்படுத்தும் மின்சாரம் தகட்டிலிருந்து நேரே கருவிக்குச் செல்கிறது. அதற்கு மின்கலன் வேண்டியதில்லை. மின்கலன் விலை கொடுத்து வாங்கப்படுவது இரவுக்காகவே.

மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரையான 14 மணி நேரத்தை இரவு எனக் கொள்வோம். விளக்கு 160, விசிறி 480, மடிக்கணினியில் இரண்டு மணி நேரத்துக்கு 100, குளிர்சாதனப் பெட்டியின் இரவுப் பங்கு ஏறத்தாழ 400. ஆக 1,140 வாட் மணி இரவுக்குரியது. எஞ்சிய 670 பகலுக்குரியது. நீர்மோட்டாரை நண்பகலில் ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிடுகிறோம். உயரத்தில் நிற்கும் நீரும் ஒருவகைச் சேமிப்பே. அதற்கு மின்கலன் வேண்டாம். பகலில் நீர்ப்புட்டிகளை உறையவைத்தால், இரவில் பெட்டியின் குளிர்ச்சியை அவை ஓரளவு தாங்கும். கைப்பேசியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றுவதும் இவ்வகையினதே.

கருவித் தேர்வும் இங்கே கணக்கில் சேர்கிறது. சாதாரணக் கூரை விசிறி 70 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். நேர்மின்னோட்ட மோட்டார் பொருத்தப்பட்ட புதுவகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறிகள் 8 மணி நேரம் ஓடினால் வேறுபாடு 640 வாட் மணி. அது முழுவதும் இரவில் செலவாவது; ஆதலால் முழுவதும் மின்கலனின் சுமை.

மின்கலனின் அளவு

இரவுத் தேவை 1,140 வாட் மணி எனினும், மின்கலனிலிருந்து எடுக்கப்படுவது அதனினும் மிகுதி. மின்கலனில் இருப்பது நேர்மின்னோட்டம். வீட்டுக் கருவிகள் கேட்பது மாறுமின்னோட்டம். இன்வெர்ட்டர் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பமாக இழக்கப்படுகிறது. 1,140ஐ 0.9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,270. மேலும், எந்தக் கருவியும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் விழித்திருக்கச் சிறிது மின்சாரம் உண்ணும். அது 10 வாட் என்றால் 14 மணி நேரத்துக்கு 140 வாட் மணி. நான்கு விளக்குகளின் இரவுச் செலவுக்கு அது ஏறத்தாழ சமம்! தேவைக்கு மிகப் பெரிய இன்வெர்ட்டரை வாங்குவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஆக, ஓர் இரவுக்கு 1,410 வாட் மணி.

மின்கலனை அடிவரை வடித்துவிடக் கூடாது. ஈய அமில மின்கலனில் பாதியளவே எடுப்பது நலம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலனில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம். எனவே, முதல்வகை எனில் 1,410ஐ 0.5ஆல் வகுத்து 2,820 வாட் மணியும், இரண்டாம் வகை எனில் 0.8ஆல் வகுத்து ஏறத்தாழ 1,760 வாட் மணியும் கொள்ளும் மின்கலன் வேண்டும். 25.6 வோல்ட் கொண்ட லித்தியம் மின்கலன் என்றால் 69 ஆம்பியர் மணி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 100 ஆம்பியர் மணி மின்கலன் 2,560 வாட் மணி கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறைவதற்கும் இதில் இடமிருக்கிறது.

இங்கே அந்த விசிறிக் கணக்குக்குத் திரும்புவோம். பழைய வகை விசிறிகளை வைத்துக்கொண்டால் கூடுதலாகும் 640 வாட் மணியை 0.9ஆலும் 0.8ஆலும் வகுக்க, ஏறத்தாழ 890 வாட் மணி மின்கலனின் அளவில் ஏறும். 1,760 என்பது 2,650 ஆகிவிடும். 100 ஆம்பியர் மணி மின்கலன் அப்போதே போதாது. மின்கலன் வாங்கும் முன் விசிறியை மாற்றுக என்பது இதனாலேயே.

எந்த வகை மலிவு என்பதையும் விலைச்சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமில மின்கலன் ஒருமுறைக்கு 600 வாட் மணி தந்து 500 தடவை உழைத்தால், தன் ஆயுளில் 300 யூனிட் தரும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலன் ஒருமுறைக்கு ஏறத்தாழ 1,020 வாட் மணி தந்து 3,000 தடவை உழைத்தால் 3,000 யூனிட்டுக்கு மேல் தரும். பத்து மடங்கு. அதன் விலை பத்து மடங்குக்குக் குறைவாக இருந்தால் ஒரு யூனிட்டுக்கான செலவு அதிலேயே குறைவு. விற்பனையாளர் தரும் விவரத்தாளில் உள்ள தடவை எண்ணிக்கையை இக்கணக்கில் இட்டு ஒவ்வொருவரும் சரிபார்க்கலாம்.

தகடும் மழைநாளும்

தகட்டின் மீது எழுதப்பட்ட வாட், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்கும்போது அளந்த அளவு. நம் கூரையில் இவ்விரண்டும் ஒருங்கே அமைவதில்லை. உச்சிவெயிலில் தகடு 60 பாகை வரை சூடாகும். ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும். ஆக, வெப்பத்தால் மட்டுமே பத்து விழுக்காட்டுக்கு மேல் இழக்கிறோம். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட இடைவெளி விடுவது இதனால்தான். தூசி, கம்பி, மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்து, எழுதிய அளவில் 75 விழுக்காடு கிடைக்கும் எனக் கொள்வது பொருத்தம்.

ஒருநாள் முழுவதும் விழும் ஒளியை உச்சிவெயில் அளவுக்குச் சுருக்கிச் சொன்னால், மலேசியாவில் சராசரியாக 4 முதல் 5 மணி நேரம் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரையோரம் இது குறையும். நாம் 4 எனக் கொள்வோம்.

பகல் தேவை 670; இன்வெர்ட்டர் இழப்பும் அதன் பகல்நேரச் செலவும் சேர ஏறத்தாழ 840. இரவுக்கான 1,410ஐ மின்கலனில் ஏற்ற, ஏற்றும்போது நேரும் சிறு இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 1,490 வேண்டும். ஆக, நாளொன்றுக்கு 2,330 வாட் மணி. இதனை நான்கால் வகுத்து, மீண்டும் 0.75ஆல் வகுத்தால் 777 வாட். 450 வாட் தகடுகள் இரண்டு போதும். அவை நாளொன்றுக்கு 2,700 வாட் மணி தரும்.

மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் என்ன செய்வது? வழக்கமான விடை, மூன்று நாள் தேவையையும் மின்கலனில் சேமிப்பது. அவ்வாறாயின் 8,400 வாட் மணிக்கு மேல் கொள்ளளவு வேண்டும். ஒன்றுக்குப் பதில் நான்கு மின்கலன்கள் வாங்க நேரும். ஆண்டின் பெரும்பகுதி அவற்றுள் மூன்று வேலையின்றிக் கிடந்து மூப்படையும். நம் நாட்டு மழைநாளிலும் தகடு முற்றிலும் உறங்குவதில்லை. ஒளி பாதியாகி 2 மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தாலும் 900 வாட் தகடுகள் 1,350 வாட் மணி தரும். அன்று விளக்குகள், ஒரு விசிறி, கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு வேண்டுவது 595. இழப்பும் இன்வெர்ட்டரின் செலவும் சேர்ந்து ஏறத்தாழ 900. எஞ்சுவதைக் கொண்டு குளிர்சாதனப் பெட்டியைப் பகலில் சில மணி நேரம் ஓட்டலாம். கெடக்கூடிய உணவை அன்று குறைத்துக்கொள்ளலாம். தொட்டி நீரைச் சிக்கனமாகச் செலவிட்டால் மோட்டாருக்கு ஓய்வு.

அதாவது, மழைநாளுக்கு விடை பெரிய மின்கலனன்று. சற்றுப் பெரிய தகடும், முன்கூட்டியே எழுதிய முன்னுரிமைப் பட்டியலும்தான். தகடுகளுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. மின்கலனோ அதற்குள் ஒருமுறையேனும் மாற்றப்படும். கூடுதல் பணம் இருக்குமாயின் அது தகட்டுக்குச் செல்லட்டும். நாள்தோறும் முழுமையாக நிரம்புவது ஈய அமில மின்கலனின் ஆயுளுக்கும் நல்லது. அரைகுறையாக நிரம்பி நிற்கும்போது அதன் தகடுகளில் சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, கொள்ளளவு சுருங்கிவிடும்.

நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்குத் தகட்டைச் செங்குத்தாகச் சாய்க்க வேண்டியதில்லை. 10 முதல் 15 பாகை சாய்வு போதும்; மழைநீர் தேங்காமல் தூசியைக் கழுவிச் செல்லும். நிழலே பெரும்பகை. தகட்டினுள் கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் நிழலின் பரப்பைவிட இழப்பு மிகுதியாக இருக்கும்.

வேகம் முதன்மையாகும் இடங்கள்

மின்கலனையும் தகட்டையும் ஆற்றலைக் கொண்டு அளந்தோம். இன்வெர்ட்டர், கம்பி, உருகி ஆகியவற்றை அளப்பது திறனைக் கொண்டு. ஒரே வேளையில் எவ்வளவு கருவிகள் ஓடும் என்பதே அங்கே கேள்வி. 550 வாட் மோட்டார் தொடங்கும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கு அல்லது அதற்கு மேலும் இழுக்கும். ஆகவே, 1,500 வாட் தொடர்ந்து தந்து, சில விநாடிகளுக்கு 3,000 வாட் தாங்கும் தூய சைன் அலை இன்வெர்ட்டர் பொருந்தும்.

1,500 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் மின்னோட்டம் 125 ஆம்பியர். 24 வோல்ட்டில் எடுத்தால் அதில் பாதி. மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகிறது. இவ்வளவு சுமைக்கு 24 வோல்ட் அமைப்பைத் தேர்வது இதனாலேயே. 900 வாட் தகடு 25.6 வோல்ட்டில் ஏறத்தாழ 35 ஆம்பியர் தரும். எனவே 40 ஆம்பியர் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். தகடுகளைத் தொடராக இணைப்பின் அவற்றின் திறந்தநிலை அழுத்தங்களின் கூட்டுத்தொகை அக்கருவி தாங்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

சிக்கனம் நுழையக் கூடாத இடம் பாதுகாப்பு. மின்கலனுக்கு மிக அருகில் உருகி இருக்க வேண்டும். நேர்மின்னோட்டத்தில் எழும் தீப்பொறி மாறுமின்னோட்டத்தைப் போல் எளிதில் தானே அணையாது. ஆதலால் நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட துண்டிப்பானையே பொருத்த வேண்டும். உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. நிலத்தொடர்பும் மின்னெழுச்சிக் காப்பும் இன்றியமையாதவை. வீட்டுக் கம்பியமைப்பில் கைவைக்கும் பணியைத் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மின்கம்பி உள்ள வீடு

வரிசை வீடுகளில் வாழ்வோரின் நிலை வேறு. பகலில் மிகும் மின்சாரத்தைப் பொதுமின்தொடருக்கு அனுப்பிவிட்டு இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய நிகர மின்னளவீட்டுத் திட்டத்தில் 2019ஆம் ஆண்டு முதல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என ஈடுசெய்யப்பட்டது. அந்நிலையில் பொதுமின்தொடரே வாடகையில்லா மின்கலன். அனுப்பும் யூனிட்டின் மதிப்பு, வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறையுமானால் கணக்கு மாறும். அப்போது துவைக்கும் இயந்திரத்தை நண்பகலில் ஓட்டுவதே இலாபம். ‘எப்போது’ என்னும் கேள்வி இங்கும் நீங்குவதில்லை. விதிகள் அவ்வப்போது மாறுவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அனுப்புவதற்கும் வாங்குவதற்குமான இரு விலைகளையும் கேட்டறிதல் வேண்டும்.

மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். மின்கலன் இல்லாத, பொதுமின்தொடரோடு இணைந்த வழக்கமான அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அவ்வாறு வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலிலும் வீட்டில் மின்சாரம் இராது. தடையின்போதும் சில விளக்குகளும் ஒரு விசிறியும் இயங்க வேண்டுமெனில் அதற்கெனத் தனி ஏற்பாடும் சிறு மின்கலனும் தேவை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதனை எளிய பயிற்சியாக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மின்னளவுமானியை மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 8 மணிக்கும் மீண்டும் மாலை 6 மணிக்கும் படித்து எழுதட்டும். பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பின்னர், இரவுப் பங்கில் எவற்றைப் பகலுக்கு மாற்றலாம், எவற்றை மாற்ற இயலாது என்று இரு பட்டியல் எழுதட்டும். கூடவே, வீட்டில் ஒருநாள் முழுவதும் ‘கரண்டு’ என்னும் சொல் எத்தனை பொருளில் வழங்குகிறது என்றும் குறித்துவரச் சொல்லலாம். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

பாட்டி ‘கரண்டு’ என்று சொல்வதைத் திருத்த வேண்டியதில்லை. அவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். கடைக்காரர் ‘இது நூறு ஆம்பியர், வீட்டுக்குத் தாராளமாகப் போதும்’ என்று சொல்லும்போது, ‘எத்தனை வோல்ட்டில்? அதில் எத்தனை விழுக்காடு எடுக்கலாம்? எங்கள் இரவுத் தேவை 1,410 வாட் மணி. அதற்கு இது போதுமா?’ என்று அவ்வீட்டுப் பிள்ளை தமிழில் கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அக்குடும்பத்தின் சேமிப்பு வீண்போகாது.